முதல் படகுப் பயணம்: ஆற்றிலும் ஏரியிலும் இறங்கும் முன்

லாபிஸ் வட்டாரத்துக் குடும்பங்கள் விடுமுறை என்றதும் கடலைத்தான் நினைக்கின்றன. மெர்சிங் போகலாம், தியோமான் போகலாம், இல்லாவிட்டால் போர்ட்டிக்சன். ஆறும் ஏரியும் யாருடைய பட்டியலிலும் இருப்பதில்லை. தோட்டத்தில் பிறந்து வளர்ந்த மூத்தவர்களுக்கு ஆறு என்பது துணி துவைத்த இடம், தூண்டில் போட்ட இடம், மழைக்காலத்தில் வாசல்வரை வந்து பயமுறுத்திய தண்ணீர். அதன்மேல் காசு கொடுத்து இரண்டு நாள் தங்குவதா என்று அவர்கள் கேட்பதில் வியப்பில்லை.

இப்போது பிள்ளைகளே கேட்கிறார்கள். படகு வீட்டைத் திரையிலும் கைப்பேசியிலும் பார்த்துவிட்டு, "நாமும் போகலாமே அப்பா" என்கிறார்கள். போகலாம். ஆனால் தங்கும் விடுதிக்குப் பதிவு செய்வதுபோல ஒரு தொலைபேசி அழைப்போடு முடிகிற காரியம் அல்ல இது. தரையில் ஏற்படும் தவற்றுக்குப் பணமும் நேரமும்தான் நட்டம். தண்ணீரில் அப்படியல்ல.

ஐரோப்பாவில் இந்த விடுமுறைக்கு நீண்ட வரலாறு உண்டு. இங்கிலாந்திலும் பிரான்சிலும் ஒரு காலத்தில் நிலக்கரியும் தானியமும் ஏற்றிச் சென்ற கால்வாய்களில் இன்று குடும்பங்கள் படகை வாடகைக்கு எடுத்துத் தாங்களே ஓட்டிச் செல்கின்றன. பிரான்சின் மிடி கால்வாய் 1681-இல் திறக்கப்பட்டது. 1996-இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அங்கே கால்வாய்த் தண்ணீர் பெரும்பாலும் அசையாமல் நிற்கும். படகு மனிதன் வேகமாக நடக்கும் வேகத்தில்தான் போகும். ஆழமும் குறைவு. அதனால்தான் அனுபவம் இல்லாதவரிடமும் சிறிது நேரம் சொல்லிக் கொடுத்துவிட்டுப் படகை ஒப்படைக்கிறார்கள்.

நம் நாட்டு நிலைமை வேறு. நம் ஆறுகள் மலையிலிருந்து இறங்கி வருபவை. ஒரு மழையில் நிறம் மாறிவிடும். நம் ஏரிகளில் பெரியவை அணைக்கட்டால் உருவானவை. கரையிலிருந்து சில அடி தள்ளினாலே கால் எட்டாது. ஆகவே இங்கே படகை ஓட்டுபவர் எப்போதும் உள்ளூர்க்காரர்தான். குடும்பத்தார் செய்ய வேண்டியது எந்தத் தண்ணீர், எந்த மாதம், எந்தப் படகோட்டி என்ற மூன்றையும் சரியாகத் தெரிந்தெடுப்பதே.

எங்கே போவது?

லாபிஸுக்கு அருகில் இருப்பது எண்டாவ்-ரொம்பின் தேசியப் பூங்கா. 1985, 1986-ஆம் ஆண்டுகளில் மலாயா இயற்கைக் கழகத்தின் ஆய்வுக் குழு அந்தக் காட்டை ஆராய்ந்த பிறகுதான் அதன் பெருமை நாட்டுக்கே தெரிந்தது. ஜொகூர் பகுதி 1993-இல் தேசியப் பூங்காவாக அரசிதழில் வெளியானது. இதற்கு ஜொகூரில் இரண்டு வாசல்கள். பெக்கோக் வழியாகப் போனால் செலாய். லாபிஸ்காரர்களுக்கு இது பக்கத்து வீடு மாதிரி. ஆனால் செலாய் பக்கம் அருவிக்கும் காட்டு நடைக்கும் பேர்போனது. படகுச் சவாரியை எதிர்பார்த்து அங்கே போகக்கூடாது. படகு வேண்டுமென்றால் குளுவாங் வழியாகக் கஹாங் போய், அங்கிருந்து செம்பனைத் தோட்டங்களுக்குள் நீளும் செம்மண் சாலையில் கம்போங் பெத்தாவுக்குப் போக வேண்டும். சுமார் 56 கிலோமீட்டர். நான்கு சக்கர விசை வாகனம் இல்லாமல் முடியாது. கம்போங் பெத்தா ஜக்குன் பூர்வகுடி மக்களின் கிராமம். அங்கிருந்து எண்டாவ் ஆற்றில் நீளப் படகில் ஏறினால் கோலா ஜாசின்வரை இரு கரையும் காடுதான்.

இந்தப் படகில் கூரையும் படுக்கையும் இருக்காது. குறுகலான நீளப் படகு, பின்னால் ஓர் இயந்திரம். காலை நீட்டி உட்கார வேண்டும். தண்ணீர் கை எட்டும் தூரத்தில் ஓடும். முதல் முறை போகிறவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது. பயம் யாருக்கு, ஆசை யாருக்கு, தலைசுற்றல் யாருக்கு என்பதெல்லாம் ஒரே நாளில் தெரிந்துவிடும்.

இன்னொன்று பகாங்கின் தாசேக் பெரா. 1994-இல் ராம்சார் ஒப்பந்தத்தின்கீழ் அனைத்துலக முக்கியத்துவம் பெற்ற, மலேசியாவின் முதல் ஈரநிலம் அது. இயற்கையான ஏரி. தண்ணீர் தேநீர் நிறத்தில் இருப்பதைப் பார்த்து அழுக்கு என்று நினைத்துவிட வேண்டாம். இலைதழை மக்கி இறங்கும் சாறுதான் அந்த நிறம். தாழம்புதர்களுக்கு இடையே வளைந்து வளைந்து போகும் வாய்க்கால்களில் படகோட்டி வழி தவறாமல் போவதே ஒரு காட்சி. செமலாய் பூர்வகுடியினரின் ஊர் அது. வயதானவர்கள் இருக்கும் குடும்பத்துக்கு எண்டாவைவிட இதுவே பொருத்தம், ஏனென்றால் தண்ணீர் அமைதியானது.

பெராவைப் பற்றிச் சொல்லும்போது ஒரு பழைய செய்தியையும் சொல்ல வேண்டும். சிகாமட் ஆறு போய்ச் சேரும் மூவார் ஆற்றில் மேலே ஏறினால் ஜெம்போல் வரும். அங்கே சிறிது தூரம் படகைத் தரையில் இழுத்துச் சென்று செர்த்திங் ஆற்றில் இறக்கிவிட்டால், பெரா வழியாகப் பகாங் ஆற்றைப் பிடித்துக் கிழக்குக் கடலுக்கே போய்விடலாம். மேற்குக் கரையையும் கிழக்குக் கரையையும் இணைத்த இந்தப் பாதைக்கு 'பெனாரிக்கான்', அதாவது இழுத்துச் செல்லும் இடம் என்று பெயர். நெடுஞ்சாலையும் இரயிலும் வருவதற்கு முன் வணிகர்கள் இப்படித்தான் தீபகற்பத்தைக் கடந்தார்கள். நம் ஊர்ப் பக்கத்து ஆற்றுக்கு இப்படி ஒரு வரலாறு இருப்பது பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

படகிலேயே தங்க வேண்டும் என்றால் இரண்டு இடங்கள்தான் பெரிதாகப் பேசப்படுகின்றன. ஒன்று பேராக்கில் கிரிக் அருகே உள்ள தெமெங்கோர் ஏரி. அதன் வடக்கே இருக்கும் ராயல் பெலும் காடு 2007-இல் மாநிலப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. உள்ளே போக முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். மற்றொன்று திரெங்கானுவின் கென்யிர் ஏரி. 1978-இல் தொடங்கி 1985-இல் முடிந்த அணைக்கட்டால் 260 சதுர கிலோமீட்டர் காடு தண்ணீருக்குள் போனது. மேலே தெரியும் 340 தீவுகளும் அக்காலத்து மலை உச்சிகளும் மேடுகளும்தான். பட்டுப்போன மரங்கள் இன்னும் தண்ணீருக்கு மேலும் கீழும் நிற்கின்றன. அதனால்தான் அந்த ஏரியை நன்கு தெரிந்தவர் அல்லாத யாரும் அங்கே படகை வேகமாக ஓட்டக்கூடாது.

லாபிஸிலிருந்து சிகாமட், முவாட்சாம் ஷா, குவந்தான் வழியாகக் கென்யிரின் கவி படகுத்துறைக்கு 400 கிலோமீட்டருக்கு மேல். விடியற்காலையில் புறப்பட்டு நண்பகலில் படகேறிவிடலாம் என்று கணக்குப் போடுகிறவர்கள் உண்டு. தூக்கம் கெட்ட ஓட்டுநரும் வாந்தி எடுத்த பிள்ளைகளுமாகப் படகேறினால் முதல் நாள் வீண். முந்திய இரவு குவந்தானிலோ கோலத்திரெங்கானுவிலோ தங்கிவிடுவது நல்லது.

இன்னொரு சின்னக் கணக்கு: ஜொகூரின் வார விடுமுறை 2025 ஜனவரி முதல் மீண்டும் சனி, ஞாயிறு ஆகிவிட்டது. திரெங்கானுவில் வெள்ளியும் சனியும்தான். பள்ளி விடுமுறையில் ஞாயிற்றுக்கிழமை போய்ச் சேரும் ஜொகூர் குடும்பத்துக்கு உள்ளூர்க் கூட்டம் வடிந்த ஏரி கிடைக்கும்.

எந்த மாதம்?

இதில்தான் பலர் தவறு செய்கிறார்கள். ஆண்டிறுதி நீண்ட விடுமுறை வரும் நேரம்தான் கிழக்குக் கரையில் வடகிழக்குப் பருவமழைக் காலம். நவம்பரிலிருந்து மார்ச்வரை அதன் தாக்கம் இருக்கும். எண்டாவ்-ரொம்பின் பூங்கா மழைக்காலத்தில் மூடப்படுவது வழக்கம். சிகாமட் மாவட்டத்தாருக்கு இதை விளக்கத் தேவையில்லை. 2006 டிசம்பர் வெள்ளத்தையும் 2011 வெள்ளத்தையும் பார்த்தவர்கள், மழைக்காலம் முடிந்துவிட்டது என்று நினைத்த நேரத்தில் 2023 மார்ச்சில் வந்த வெள்ளத்தையும் பார்த்தவர்கள். மே கடைசியிலும் ஜூன் தொடக்கத்திலும் வரும் பள்ளி விடுமுறையே உள்நாட்டுப் பயணத்துக்கு ஏற்றது.

டிசம்பரில்தான் எல்லாருக்கும் விடுப்பு கிடைக்கும் என்றால், கேரளாவின் ஆலப்புழையை யோசிக்கலாம். அங்கே பெருமழை ஜூன் முதல் செப்டம்பர்வரை. டிசம்பரும் ஜனவரியும் இதமான பருவம். ஆணியே இல்லாமல் பலகைகளைக் கயிற்றால் தைத்து நெல் ஏற்றிச் சென்ற கெட்டுவள்ளம்தான் இன்றைய படகு வீடு. பொதுவாக நண்பகலில் ஏற்றி மறுநாள் காலை ஒன்பது மணிவாக்கில் இறக்கிவிடுவார்கள். மாலை ஐந்தரைக்கு மேல் படகு நகராது. மீனவர்கள் வலை விரிக்கும் நேரம் அது. 'இரவு முழுக்கப் படகு மிதந்து போகும்' என்ற கற்பனையோடு போய் ஏமாறுகிறவர்கள் இருக்கிறார்கள். குளிர்சாதனமும் பல படகுகளில் இரவில் மட்டுமே இயங்கும்.

மூன்று விபத்துகள்

படகு விபத்துகளைப் பற்றிப் பேசினால் பெண்கள் பயந்துவிடுவார்கள் என்று சிலர் மறைக்கிறார்கள். பயப்படுகிறவர்தான் சரியான கேள்வியைக் கேட்பார். மறைக்கத் தேவையில்லை.

2009 செப்டம்பர் 30-இல் தேக்கடி ஏரியில் இரண்டடுக்குச் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் மாண்டார்கள். அமைதியான ஏரி அது. கரையில் வந்த விலங்குகளைப் பார்க்கப் பயணிகள் ஒரே பக்கமாகத் திரண்டார்கள் என்று அப்போது செய்திகள் கூறின. 2023 மே 7-இல் கேரளாவின் தானூரில் 22 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் சிறுவர்கள். பொழுது சாய்ந்த பிறகு, அளவுக்கு மேல் ஆட்களை ஏற்றிக்கொண்டு போன படகு. நம் நாட்டில் 2013 மே 28-இல் சரவாக்கின் ராஜாங் ஆற்றில், பெலாகா அருகே விரைவுப் படகு மூழ்கியது. காவாய் பெருநாளுக்கு ஊர் திரும்பியவர்கள் கூரைமேலும் உட்கார்ந்திருந்தார்கள்.

புயலையோ பேரலையையோ இந்த மூன்றிலும் காணோம். ஆள் அதிகம், நேரம் தவறு, எடை ஒரு பக்கம். பயணியின் கண்ணுக்கே தெரியக்கூடிய காரணங்கள் இவை. ஆகவே படகேறும் முன் எத்தனை பேருக்கு உரிமம் என்று கேளுங்கள். குழந்தைகளையும் சேர்த்து எண்ணுங்கள். "இன்னும் நாலு பேர்தானே, நம்ம ஆளுங்கதானே" என்று சொந்தக்காரர்களை ஏற்றச் சொல்லிப் படகோட்டியை வற்புறுத்துவது பல நேரங்களில் நாமேதான். மாலை மங்கிய பிறகு சிறு படகில் ஏறாதீர்கள். யானை தெரிந்தாலும் இருவாட்சிப் பறவை பறந்தாலும் உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்க்கப் பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள்.

மிதவை அங்கி இருக்கிறதா என்று கேட்டால் "இருக்கு, இருக்கு" என்ற பதில்தான் வரும். பிள்ளைக்கு ஏற்ற அளவில் இருக்கிறதா என்பதே கேள்வி. பெரியவர் அங்கியைப் பிள்ளைக்கு மாட்டினால் தண்ணீரில் அங்கி மட்டும் மேலே மிதக்கும். பிள்ளை கீழே நழுவிவிடும். சோதிக்க எளிய வழி உண்டு. வார்களை இறுக்கிக் கட்டியபின் தோள்பட்டைப் பக்கம் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். அங்கி பிள்ளையின் காதுவரை ஏறிவந்தால் அது பெரிது. சிறு பிள்ளைகளுக்குக் கால்களுக்கிடையே போகும் வார் உள்ள அங்கிதான் வேண்டும். சந்தேகமாக இருந்தால் சொந்தமாக ஒன்று வாங்கிக்கொண்டு போவதே மேல். ஒரு குடும்ப விருந்துச் செலவைவிட அது அதிகமாகாது. வெயிலுக்கு எரிச்சலாக இருக்கிறது என்று கழற்றித் தலைக்கு வைத்துக்கொள்பவர்களை எல்லாப் படகிலும் பார்க்கலாம். அந்தப் பழக்கத்தைப் பெரியவர்கள்தான் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள்.

மலையாற்றில் இன்னோர் ஆபத்து, மலாயில் 'கெப்பாலா ஆயிர்' எனப்படும் திடீர் நீர்ப்பெருக்கு. நீங்கள் குளிக்கும் இடத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். மேலே மலையில் மழை கொட்டியிருக்கும். தெளிந்த தண்ணீர் கலங்கினால், சருகும் குச்சியும் மிதந்து வந்தால், ஆற்றின் சத்தம் மாறினால், பொருள்களை எடுக்க நிற்காமல் கரையேற வேண்டும். சட்டியையும் பாயையும் காப்பாற்றப் போய் உயிரை விடுவதில் பொருளில்லை.

நோயையும் மறக்கக்கூடாது. 2010-இல் பகாங், மாரான் அருகே லுபோக் யூ நீர்வீழ்ச்சியில் ஓர் இளைஞரைத் தேடி இறங்கியவர்களில் சிலர் எலிச் சிறுநீர்க் காய்ச்சலாலும் மெலியோய்டோசிஸ் கிருமியாலும் பாதிக்கப்பட்டார்கள்; எட்டுப் பேர் இறந்தார்கள். காலில் ஆறாத புண் உள்ளவர்கள், குறிப்பாக நீரிழிவு நோயாளிகள், தண்ணீரில் இறங்காமல் படகிலேயே இருப்பது நல்லது. திரும்பி வந்த இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல் கண்டால் ஆற்றில் குளித்ததை மருத்துவரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும்.

படகில் இரண்டு இரவு

கென்யிரிலும் தெமெங்கோரிலும் மூன்று பகல், இரண்டு இரவு என்பதே வழக்கமான ஏற்பாடு. படகு முழுவதையும் ஒரு கூட்டத்துக்கு வாடகைக்கு விடுவார்கள். ஆகவே ஒரு குடும்பமாகப் போனால் செலவு கையைக் கடிக்கும். அண்ணன் தம்பி, மாமன் மச்சான் என நான்கு குடும்பங்கள் சேர்ந்தால் தலைக்கு விழும் வெள்ளி குறையும். சொன்ன தொகையில் சாப்பாடு, அருவிக்குப் போகும் சிறு படகு, பூங்கா அனுமதிக் கட்டணம் எல்லாம் அடக்கமா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். மழையால் பயணம் நின்றுபோனால் முன்பணம் என்னவாகும் என்பதையும் அதே தாளில் எழுதிவிட வேண்டும்.

சமையல் பெரும்பாலும் மலாய்க்காரச் சமையல்காரர் கையில்தான். மீனும் கோழியும் தாராளமாகக் கிடைக்கும். சைவம் என்றால் முட்டையும் கங்கோங் கீரையும் வரும். சைவம் சாப்பிடுகிறவர்கள் இருந்தால் முன்கூட்டியே சொல்லித் தனிச் சட்டி, தனி எண்ணெய் கொண்டுபோகலாமா என்று கேட்பதில் தவறில்லை. மது வகைகளைப் பல படகுகளில் அனுமதிப்பதில்லை. அது அவர்கள் வீடு, மதிக்கத்தான் வேண்டும். அதோடு, குடித்தவர் நடமாடும் இடமா அது? படகுத் தளத்தில் கைப்பிடி இல்லாத இடங்கள் உண்டு. இரவில் கழிப்பறைக்குப் போக எழுந்தவர் தடுமாறினால் கீழே தண்ணீர்.

பாட்டி வருகிறார் என்றால் மூன்று விஷயங்களை நேரடியாகக் கேட்டுவிடுங்கள். படகுத்துறையிலிருந்து படகுக்குள் எப்படி ஏறுவது? கழிப்பறை உட்காரும் வகையா, குந்தும் வகையா? கீழ்த்தளத்தில் படுக்க இடம் உண்டா? இவற்றுக்குத் தெளிவான பதில் சொல்லத் தெரியாதவரின் படகு பாட்டிக்கு வேண்டாம். இன்சுலின் போட்டுக்கொள்பவர்கள் பனிக்கட்டிப் பெட்டியை நம்பாமல் தனிக் குளிர்பை எடுத்துச் செல்ல வேண்டும். மருந்து இரண்டு மடங்கு இருக்கட்டும்; ஏரியின் உட்பகுதியில் கைப்பேசி எட்டாது, மருத்துவமனை பல மணி நேரத் தொலைவு.

ஊரில் இருக்கும் ஒருவரிடம் படகுத்துறையின் பெயர், படகின் எண், படகோட்டியின் தொலைபேசி எண், போகிறவர்கள் பெயர், கரை திரும்பும் நேரம் ஆகியவற்றை எழுதிக் கொடுக்க வேண்டும். சொன்ன நேரத்துக்கு மேல் எவ்வளவு காத்திருந்து, பிறகு 999-க்கு அழைப்பது என்பதையும் அவரிடமே சொல்லிவிட வேண்டும். இதை அபசகுனம் என்று நினைக்கும் அம்மாக்கள் உண்டு. திருமணத்துக்குப் போகும்போது பக்கத்து வீட்டாரிடம் சாவி கொடுத்துவிட்டுப் போகிறோமே, அதுபோலத்தான் இதுவும்.

பயணத்துக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது என்றால் பிள்ளைகளை நீச்சல் குளத்துக்கு அழைத்துப் போகத் தொடங்கலாம். இரண்டு மாதத்தில் யாரும் நீச்சல் வீரராகிவிட மாட்டார்கள். அங்கியோடு மல்லாந்து மிதக்கவும், மூக்கில் தண்ணீர் போனால் கத்தாமல் மூச்சைப் பிடிக்கவும் பழகிக்கொண்டால் போதும். அப்பாவும் அம்மாவும் கூடவே இறங்க வேண்டும். கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து "பயப்படாதே" என்று சொல்லும் அப்பாவுக்கு நீச்சல் தெரியாது என்பது பிள்ளைகளுக்குத் தெரியும்.